கீழ்த் தட்டு சும்மாதானே கிடக்கு

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்கக்கா. வளைவு திரும்பும்போது வெளிய பாத்தா எனக்குத் தலை சுத்தும். பாப்பா உங்களை உதைச்சான்னா சொல்லுங்க, காலைப் புடிச்சுக்கறேன். பத்து மாசமுங்க. கனிஷ்கா. அவங்கப்பா மாதிரியே, உக்காந்த இடத்துல உக்காரவே மாட்டா.

நான் அதிகமாப் பேச மாட்டேங்க. புது ஆளுங்கன்னா எனக்கு வாயே வராது. கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரர் ஒரு மாசம் என்னை ஊமைன்னே நெனச்சுட்டிருந்தாராம். அதனால நான் பேசாம வந்தேன்னா திமிருன்னு நெனச்சுக்காதீங்க. சுபாவமே அப்படி.

இல்லீங்க, மேட்டுப்பாளையத்துல எனக்கு வேலையில்ல. அங்க எறங்கி வேற பஸ் புடிச்சுக் காரமடை போகணும். நான் படிச்ச பள்ளிக்கூடத்துல டி.சி. வாங்கணுமுங்க. எட்டாவது வரைக்கும் படிச்சேன். பாஸ்தான். அந்தக் காகிதத்தை நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள ஆபீசுல கொடுத்துட்டா எனக்கு எலி ரூம் வேலை நிரந்தரம். பத்து மணி தாண்டுச்சுன்னா வேற ஆளைப் போட்டுருவாங்களாம்.

சிரிக்காதீங்க, எலி ரூம்தான். கோத்தகிரியில எங்க லேபு இருக்குல்ல, மேல தேயிலைக் காட்டுக்கு நடுவுல, பச்சைக் கேட்டு போட்டது? அங்க எலி வளக்கறாங்க. வெள்ளை எலி. நம்ம வீட்டு எலி மாதிரி இல்லீங்க, சுத்தமா இருக்கும், கண்ணு மாதுளை முத்து மாதிரி. நான் இப்ப அங்க ஒப்பந்தத்துல இருக்கேன். பாட்டில் கழுவறது, குக்கர்ல வேக வச்சுக் கிருமி போக்கறது, ரூம் தொடைக்கறது. எலி ரூம் கிடைச்சுட்டா ஆஸ்பத்திரிக்குக் கார்டு உண்டு, ஞாயித்துக்கிழமை முழுசா லீவு. பாப்பாவுக்கு மாசத்துக்கு ரெண்டு தடவை இளைப்பு வருது, பாருங்க இப்பக்கூட நெஞ்சு கிர்ருங்குது. அந்தக் கார்டு இருந்தா பெரிய ஆஸ்பத்திரியிலயே காட்டலாம். அதான் கைப்புள்ளையையும் தூக்கிட்டு ஓடறேன்.

எலி எதுக்கா? அதைச் சொல்லப் போனா பெருசா வரும். சரி, குஞ்சப்பனை செக்போஸ்ட் வர்ற வரைக்கும் பேச வேற என்ன இருக்கு.

எங்க மேடம் பேரு ஷெர்லின். நாகர்கோவில் பக்கம். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாங்க, ஊசி போடற டாக்டர் இல்ல. அவங்க வேலை என்னன்னா, எலியோட எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையை எடுத்து, அதுல இருந்து நோயை எதுக்கற அணுவை வளக்கறது. நாம ஆட்டுக்கறி வாங்கினா நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சுவோமில்ல, உள்ள இருக்கும்ல வழுவழுன்னு, அதேதான். எலிக்கு எவ்வளவு இருந்துரப் போகுது? தொடை எலும்பே மிளகாக் காம்பு மொத்தம்தான். மேடம் ரெண்டு நுனியையும் கத்தரிச்சுட்டு, ஒரு பக்கம் ஊசியால தண்ணி விடுவாங்க. மறு பக்கம் செவப்பா நூலு மாதிரி வந்து விழும். அவ்வளவுதான் மஜ்ஜை. மொத தடவை பாத்தப்ப எனக்கு ஒரு வாரம் கறியே இறங்கல.

அந்த நூலைக் கலக்கி, சின்ன வட்டத் தட்டுல ஊத்தி, செவப்பா ஒரு சத்துத் தண்ணி விட்டு, வெதுவெதுப்பான பெட்டிக்குள்ள வச்சு மூடிருவாங்க. பெட்டின்னா பிரிட்ஜ் மாதிரி மூணு தட்டு வச்சது. ஆனா அதுக்கு நேர் எதிரு, உள்ள சூடு. எப்பவும் முப்பத்தேழு டிகிரி. நம்ம உடம்புச் சூடு அதுதானாம். ஈரம் காயாம இருக்கக் கீழ ஒரு தாம்பாளத்துல தண்ணி. மூணாம் நாள் பழைய தண்ணியில கொஞ்சம் எடுத்துட்டுப் புதுசு ஊத்தணும். ஏழாம் நாள் அணு முழுசா வளந்துரும். மேக்ரோ என்னமோன்னு அதுக்கு ஒரு பேரு. எனக்கு வாயில நுழையல, விழுங்கின்னு வச்சுட்டேன். ஏன்னா அதுக்கு அதுதான் வேலை. கிருமி கண்ணுல பட்டா அப்படியே விழுங்கிரும்.

கார்த்திகையில பழகிப் பாக்க ஒரு தடவை வளத்தப்ப மேடம் மைக்ராஸ்கோப்புல காட்டினாங்க. ஊற வச்ச ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையா இருந்துச்சு. ஏழாம் நாள் பாத்தா கையி காலெல்லாம் நீட்டிட்டு, தட்டோட அடியில கம்முனு ஒட்டிட்டிருக்கு. "பாரு பிள்ளே, எல்லாம் நம்ம வளத்ததாக்கும்"னாங்க. நம்மன்னு சொன்னாங்கக்கா. நான் பாட்டில் கழுவறவ.

எனக்கு ஒரே பொறாமை. மூணு நாளைக்கு ஒரு வேளை சோறு, அழுகை கிடையாது, துணி மாத்த வேண்டாம், முப்பத்தேழு டிகிரியில தூக்கம். என் புள்ளை பாருங்க, மார்கழிக் குளிர்ல மூணு கம்பளிக்குள்ள கெடந்து நடுங்கறா.

கம்பளின்னதும் ஞாபகம் வருது. நீங்களும் மலைதானே? கட்டபெட்டுங்களா? அப்பச் சரி, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மார்கழியில மாவு பொங்குமுங்களா? பொங்காது. எங்கத்தைக்கு, என் மாமியாருங்க, இந்த ஊரே புதுசு. அன்னூர்ல இருந்து புள்ளையோட வந்தவங்க. அவங்களுக்குக் காலையில இட்லி இல்லைன்னா விடிஞ்ச மாதிரியே இருக்காது. நான் ராத்திரி ஆட்டி வப்பேன், காலையில போசியைத் திறந்து பாத்தா வச்சது வச்சபடி இருக்கும். பாப்பாவுக்கு மூணு கம்பளின்னா மாவுக்கு ரெண்டு சுத்தி வச்சேன். அடுப்பு மேல வச்சேன். ஒருக்கா எங்க வீட்டுக்காரர் கால்மாட்டுல வச்சுப் படுக்க வச்சேன், மனுசன் உதைச்சுத் தள்ளிட்டாரு.

எங்கத்தை இட்லியைக் கையில எடுத்துப் பாப்பாங்க. "ஏம்மிணி, உன்ற கை என்ன ஐஸ்கட்டியா? நீ தொட்டா அரிசிகூட மூச்சு விட மாட்டேங்குது"ம்பாங்க. பக்கத்து வீட்டுக்காரம்மா வரும்போதுதான் சொல்லுவாங்க. "கைராசின்னு ஒண்ணு இருக்குது, அது வாங்கிட்டு வர்றதா?" நான் எதிர்த்துப் பேச மாட்டேன். பேசத் தெரிஞ்சாத்தானே? உள்ள போயி அழுதுட்டு வருவேன்.

ஒரு நாள் அந்தப் பெட்டியில தண்ணித் தாம்பாளத்தைக் கழுவிட்டிருக்கேன். கை உள்ள போச்சா, அப்படியே வெதுவெதுன்னு, காரமடையில சித்திரை மாசத்துத் திண்டுல கை வச்ச மாதிரி. மேல் தட்டுல மேடத்தோட சாமானு. நடுத் தட்டுலயும் அவங்களுதுதான். கீழ்த் தட்டு சும்மாதானே கிடக்கு?

நீங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னு சொல்றேன். சாயங்காலம் மேடம் கிளம்பினப்புறம் சின்னப் போசியில மாவை வச்சுருவேன். காலையில ஏழு மணிக்கு ரூம் தொறக்கறது நான்தானே, எடுத்துருவேன். சுத்தத்துல என்னை யாரும் ஒரு குறை சொல்ல முடியாதுங்க. போசிக்கு வெளிய நல்லா ஸ்பிரிட் அடிச்சுத் தொடைச்சுட்டுத்தான் உள்ள வப்பேன். மேடத்தோட தட்டு பக்கம் விரல்கூடப் படாது. மூடியை மட்டும் லேசா வப்பேன், இறுக்கினா மாவு பொங்க இடமிருக்காதுல்ல.

மொத நாளு காலையில திறந்தேன் பாருங்க. மூடியைத் தூக்கிட்டு நிக்குது! நுரை நுரையா, பூ மாதிரி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அன்னிக்கு எங்கத்தை எட்டு இட்லி. எட்டு! தின்னுட்டு, "சோடா உப்புப் போட்டியா?"ன்னாங்க. "இல்லீங்கத்தை." "அப்புறம் எப்படி?" "கைராசிங்கத்தை"ன்னேன். நான் எதிர்த்துப் பேசினது அது ஒண்ணுதான்.

அப்பத்தான் மேடத்துக்குக் கெட்ட காலம் ஆரம்பிச்சுது.

பழகிப் பாத்தது போக அவங்களுக்கு மொத்தம் ஆறே எலிதான். எலியை நெனச்ச மாதிரி எடுத்துற முடியாதுங்க, அதுக்கு ஒரு கமிட்டி இருக்கு. எத்தனை எலி, எதுக்கு, வலிக்காம எப்படின்னு எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கணும். ஒரு தடவைக்கு ரெண்டு எலி, மூணு தடவைக்கு ஆறு. தை மாசம் முடியறதுக்குள்ள அணுவை வளத்துக் காட்டலைன்னா அவங்க உதவித்தொகை நின்னுரும். வீட்ல மாப்பிள்ளை பாத்து வச்சுட்டு, "படிச்சது போதும், வா"ன்னு தினமும் போனு.

மொத ரெண்டு எலி. திங்கக்கிழமை வச்சாங்க. வியாழக்கிழமை திறந்தா செவப்புத் தண்ணி மஞ்சளாகிக் கலங்கிப் போயிருக்கு. மேடம் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சவங்க நிமிரவே இல்ல. அப்புறம், "வந்து பாரு பிள்ளே"ன்னாங்க. பாத்தேன். விழுங்கிங்களுக்கு நடுவுல சின்னச் சின்னதா, பளபளன்னு, ஒவ்வொண்ணும் முதுகுல ஒரு குட்டியை ஒட்ட வச்சுட்டு, எங்க பாத்தாலும் அதுதான். திருவிழாக் கூட்டம் மாதிரி. சில விழுங்கி அதுல நாலு அஞ்சை முழுங்கிட்டு வயிறு உப்பிப் போய் கெடக்கு. மேடத்துக்கு அழுகையிலயும் ஒரு பெருமை. "வேலை செய்யுது பாத்தியா? தின்னுது, கேட்டியா? ஆனா எத்தனையத்தான் தின்னும்?"

"என்னங்க மேடம் இது?"

"ஈஸ்ட்டு."

ஈஸ்ட்டுன்னா எனக்கு எங்க தெரியும்? "கேக்குல, ரொட்டியில போடுவாங்களே, அது. சர்க்கரையைத் தின்னுட்டுக் காத்தை விடும். அதனாலதான் ரொட்டி உப்புது"ன்னு சொன்னாங்க. நான் கேக்கு செஞ்சதே கிடையாதுங்க. ரொட்டியும் எங்க வீட்ல காய்ச்சல் வந்தாத்தான். அதனால நமக்குச் சம்பந்தமில்லைன்னு மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு.

பாவம், அன்னிக்கு மேடம் காலையில இருந்து சாப்பிடவே இல்ல. என் டிபன் டப்பாவுல நாலு இட்லி இருந்துச்சு, கொடுத்தேன். அழுதுட்டே தின்னாங்க. "லோகேஸ், இந்த மாசத்துல எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் உன் இட்லிதான். இந்தக் குளிர்ல எப்படிப் பிள்ளே இவ்ளோ மெதுவா வருது?" எனக்கு வெக்கமாப் போச்சு. தலையைக் குனிஞ்சுட்டேன்.

ரெண்டு பேருமா அந்தப் பெட்டியைக் கழுவினோம் பாருங்க, தட்டெல்லாம் கழட்டி, ஸ்பிரிட் போட்டு, திருப்பியும் ஸ்பிரிட் போட்டு. கழுவிக் காய வச்ச ரெண்டு நாளும் மாவு வைக்க முடியாமப் போச்சு. எங்கத்தை மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க, "வந்த கைராசி பஸ் ஏறிருச்சா?"ன்னு. பெட்டி சுத்தமானதும் மறுபடி வச்சேன். இன்னும் நல்லாப் பொங்குச்சு.

அடுத்த ரெண்டு எலி. அதுவும் மூணாம் நாள் மஞ்சத் தண்ணி. அதே ஈஸ்ட்டு.

இந்தத் தடவை பெரிய சார் காதுக்குப் போயிருச்சு. எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சாரு. மேடம், நான், கூட்டற பாலாமணியக்கா, எலி ரூம் போஜண்ணன்.

போஜண்ணனைப் பத்திச் சொல்லல இல்ல? படுகர் வீட்டு ஆளு, இங்க பக்கத்து ஹட்டிக் கிராமம்தான். பதினாலு வருஷமா எலி ரூமுல. ஒப்பந்தத்துலயேதான் ஓட்டிட்டாரு, இந்தத் தையிலதான் நிரந்தரம் ஆகறதா இருந்துச்சு. எலிங்ககிட்டப் படுக பாசையில பேசிட்டே கூண்டு கழுவுவாரு. மேடம் எலி எடுக்க வந்தா சாவியைக் கொடுத்துட்டு, அந்தப் பக்கம் திரும்பிச் செவுத்துல இருக்கிற காலண்டரைப் பாத்துட்டு நிப்பாரு. "என்னங்கண்ணா தேதி பாக்கறீங்க?"ன்னு ஒருக்காக் கேட்டேன். "நல்ல நாளான்னு பாக்கறேம்மா"ன்னாரு. போன வருசத்துக் காலண்டருங்க அது.

அவரு மச்சினன் பஜார்ல வர்க்கி போடறாரு. நம்ம ஊரு வர்க்கிதான், மொறுமொறுன்னு இருக்குமே. தினமும் ஒரு பொட்டலம் கொண்டு வருவாரு. டீ நேரத்துல எனக்கும் ரெண்டு கொடுப்பாரு. வேண்டாம்னு சொல்லக் கூச்சமா இருக்கும், தின்னுருவேன். பாப்பாவுக்குன்னு தனியா ரெண்டு மடிச்சும் தருவாரு.

பெரிய சார் கேட்டாரு, "ரொட்டி, பன்னு, கேக்கு, இந்த மாதிரி யாராவது உள்ள கொண்டு வர்றீங்களா?" மேடம், "சார், ஈஸ்ட்டு காத்துலகூட இருக்கும்"னாங்க. "காத்துக்கு நான் மெமோ கொடுக்க முடியாதும்மா"ன்னுட்டாரு. பாலாமணியக்கா, "எனக்குச் சக்கரை வியாதிங்க சார், இனிப்பே தொடறதில்ல"ன்னு அழுதிருச்சு. நான் கூட்டத்துல வாயைத் திறந்ததே இல்ல. ஆனா மேடம் முகத்தைப் பாத்தேன். அந்த முகத்தைப் பாத்துட்டு உண்மையைச் சொல்லாம இருக்க முடியுமுங்களா?

"போஜண்ணன் தெனமும் வர்க்கி தின்பாருங்க சார்"னுட்டேன்.

எனக்கே ஆச்சரியம். கணீர்னு வந்துச்சு. பெரிய சார் அவரைப் பாத்தாரு. "ஆமாங்க சார், தின்பேன்"னாரு போஜண்ணன். அவ்வளவுதான். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாத்தாரு. எனக்கும் ரெண்டு கொடுத்ததை அவரு சொல்லியிருக்கலாம். சொல்லல. மறந்துட்டாரு போல.

அவரைக் கேட்டுக் காவலுக்கு மாத்திட்டாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான், அப்புறம் வர வேண்டாம்னு. பாவம்தான். ஆனா தப்புன்னா தப்புதானுங்களே? பொய்யாச் சொன்னேன்? கண்ணால பாத்ததைச் சொன்னேன்.

அதுக்குச் சாட்சி மாதிரியே ஆயிருச்சு பாருங்க. கடைசி ரெண்டு எலி. பெட்டியை மறுபடி கழுவிட்டுப் போன வியாழக்கிழமை வச்சாங்க. மூணாம் நாள் திறந்தா தெளிஞ்ச தண்ணி! மேடம் என் ரெண்டு கையையும் புடிச்சுட்டுக் குதிக்கிறாங்க. இன்னிக்கு ஆறாம் நாளு, இன்னும் தெளிவாவே இருக்கு. நாளைக்கு ஏழு. நாளைக்குக் காலையில அணுவை எடுத்துட்டா மேடம் பொழைச்சாங்க. பெரிய சாரே சொன்னாரு, "போஜன் போனான், ஈஸ்ட்டும் போச்சு"ன்னு. உடனே எலி ரூமுக்கு என் பேரைச் சொல்லிட்டாரு. "வாயைத் திறக்காத பொண்ணு, திறந்தா உண்மைதான் வருது"ன்னாராம். மேடம் சொன்னாங்க.

அந்த வாரமே எனக்கு நல்ல வாரமுங்க. எங்கத்தை கோயமுத்தூர்ல மக பிரசவத்துக்குப் போயிட்டாங்க. மாவு ஆட்டற வேலையே இல்ல. சோறு, ரசம், முடிஞ்சா உப்புமா. பெட்டி, போசின்னு ஒரு அலைச்சலும் இல்ல.

நேத்து சாயங்காலம் வந்துட்டாங்க. பேரனாம். வந்ததும் வராததுமா, "நிரந்தரமாகுதாமே? வரிசை வீடு பூராவும் இட்லி கொடுத்துரணும், லேபுக்கும் எடுத்துட்டுப் போ"ன்னாங்க. அவங்க வாயில இருந்து வந்துச்சுங்க! ராத்திரியே நாலு படி ஊறப் போட்டு ஆட்டிட்டேன். பொங்கணுமில்ல? அதான் காலையில இந்த பஸ்சுக்கு வர்றதுக்கு முன்னாடி லேபுக்கு ஓடிட்டு வர்றேன். கேட்டுல போஜண்ணன்தான். "என்னம்மா, இவ்வளவு பெரிய தூக்குப்போசி?" "மாவுங்கண்ணா." "புள்ளையை இப்படிக் கொடு, வழுக்கும்"னு பாப்பாவை வாங்கி வச்சுட்டாரு. நான் உள்ள ஓடி வச்சுட்டு வந்தேன். பாப்பா அவரு மீசையைப் புடிச்சு இழுத்துட்டிருக்கா. அவரு ஒண்ணுமே மனசுல வச்சுக்கல பாருங்க. அவருக்கே தெரியும் போல, தப்பு அவருதுன்னு.

ஆறாம் நாள் கதவையே திறக்கக் கூடாதுன்னு மேடம் காகிதம் எழுதி ஒட்டியிருக்காங்க. அதனால யாரும் பாக்க மாட்டாங்க. நான் ஒரே ஒரு நொடிதான் திறந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்து எடுத்துருவேன்.

என்னங்கக்கா? உங்க வீட்லயும் பொங்காதுங்களா? அதுக்கு என்ன பண்றது, எல்லாருக்கும் அந்தப் பெட்டி கிடைக்குமா?

உங்க மருமக மாவுல என்ன போடுவாங்க? கனடாவுலயா இருக்காங்க? அங்க ஐஸ் மழையே பெய்யும்பாங்களே.

ஈஸ்ட்டா? இட்லி மாவுலயா?

ஒரு சிட்டிகை போட்டா ராத்திரியே பொங்கிருதா… நம்ம மாவு மாதிரியேங்களா? அதே நுரை, அதே புளிப்பு வாசமா?

ஏனுங்கக்கா, அப்ப ஈஸ்ட்டுங்கிறது கேக்குக்கு மட்டும் இல்லீங்களா? நாம போடாமலே நம்ம மாவுலயும் கொஞ்சம் இருக்குமுங்களா? எங்கிருந்துங்க? அரிசியிலயா, உளுந்துலயா? காத்துலயா?

"சர்க்கரையைத் தின்னுட்டுக் காத்தை விடும்"னு மேடம் சொன்னாங்க. மூடியைத் தூக்கிட்டு நின்னுச்சு…

இருங்க. ஒரு நிமிஷம் இருங்கக்கா. மார்கழியில நான் மாவு வைக்க ஆரம்பிச்சேன், மொத ரெண்டு எலி போச்சு. பெட்டி கழுவினோம், மறுபடி வச்சேன், அடுத்த ரெண்டு எலி போச்சு. போன புதங்கிழமை எங்கத்தை ஊருக்குப் போனாங்க. மாவு ஆட்டல. வியாழக்கிழமை மேடம் வச்சாங்க…

அய்யோ.

இல்லீங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. தலை சுத்தல. இப்ப உள்ள இருக்குங்கக்கா! நாலு படி! மூடியை லேசாத்தான் வச்சுட்டு வந்திருக்கேன். சாயங்காலத்துக்குள்ள அது பொங்கி வழிஞ்சு தண்ணித் தாம்பாளத்துக்குள்ள எறங்கிரும். மேல மேடத்தோட தட்டு. கடைசி ரெண்டு எலி.

பாப்பாவைப் புடிங்க, புடிங்க. அண்ணா! கண்டக்டரண்ணா! நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணா, நான் எறங்கணும்! ஆமா, இங்கயேதான்!

அடுத்த வளைவுலதான் நிறுத்துவீங்களா? சரிங்கண்ணா. எல்லாரும் பாத்தா பாக்கட்டும்.

மணி எட்டரைங்களா? ஏழு மணிக்குத்தான் வச்சேன். குளிர்ல ஆட்டின மாவு, சில்லுன்னுதான் இருந்துச்சு. சூடு ஏறவே நேரமாகும். ஒம்பதரைக்குள்ள போயிட்டா எடுத்துரலாம். மேடத்துக்குப் போன் பண்ணலாம்தான். ஆனா போன்ல எனக்குப் பேச வராதுங்க. வராதுன்னா… வரும். உங்ககிட்ட வந்துச்சே. இல்ல, மூச்சு வாங்குது, நம்பரே தெரிய மாட்டேங்குது, நீங்க போட்டுக் கொடுங்க. ஷெர்லின்னு இருக்கும், பக்கத்துல எலி படம் போட்டிருப்பேன்.

அடிக்குதா? கொடுங்க.

மேடம், நான் லோகேஸு. பெட்டியைத் திறங்க மேடம். காகிதம் ஒட்டியிருக்கீங்க, தெரியும், திறங்க. கீழ்த் தட்டுல ஒரு தூக்குப்போசி இருக்கும். மூடியை இறுக்கி வெளிய எடுத்துருங்க. அதைத் தொட்ட கையை மேல் தட்டுல வச்சுராதீங்க. மாவு மேடம். இட்லி மாவு. ஆமா. ஆமா மேடம், அந்த இட்லிதான்.

…வச்சுட்டாங்க. திட்டல. ஓடற சத்தம் கேட்டுச்சு.

டி.சி.யா? நீங்க ஒருத்தர்தான் கேக்கறீங்க. அடுத்த பஸ் புடிச்சாக்கூடக் காரமடை போயி வாங்கிட்டு வந்துரலாம்தான். வாங்கிட்டு வந்து யாரு ரூமுக்குக் கொடுக்கறது? பதினாலு வருஷமுங்கக்கா. ஒரு வார்த்தை சொல்லல அவரு. மறந்துட்டாருன்னு நெனச்சேனே. பாப்பாவுக்குக் கார்டு… அவ இளைப்பு… சரி. அதை இப்ப நெனச்சா எறங்க மாட்டேன்.

மேல போற பஸ் அந்த வளைவுலதானே நிக்கும்? அந்தக் கேட்டைத் தாண்டாம உள்ள போறதுக்கு வேற வழியே இல்லீங்க. "என்னம்மா, காரமடை போகலையா?"ன்னு கேப்பாரு. நான் என்ன சொல்றது? நீங்க நல்லாப் பேசறீங்க, எனக்கு ரெண்டு வரி சொல்லிக் கொடுங்க. "போஜண்ணா, நான்தான்." அப்படி ஆரம்பிச்சாப் போதுங்களா?

போதும்தானே? சரி. பாப்பாவை இப்படிக் கொடுங்க.